சொல்லும் பொருளும்: உள்ளே சுருட்டும் ஒரு வினை

மொழிபெயர்ப்புப் பயிற்சிக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு வாக்கியம் என் பேனாவை நிறுத்திற்று. 'விபத்தில் ஈடுபட்ட சிறுவன் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டான்' என்று எழுதியிருந்தான் மாணவன். மூலத்திலோ அச்சிறுவன் வீதியோரத்தில் நின்றவன். மோட்டார் வண்டி தடம் புரண்டு வந்து அவனை மோதியது. அடிபட்டவனையே குற்றவாளியாக்கிவிட்டது ஒரு சொல். பிழை மாணவனுடையது மட்டுமன்று. 'இன்வொல்வ்' என்ற ஆங்கில வினைக்கு 'ஈடுபடு' என்று ஒரே பொருளை மனனஞ் செய்வித்த ஆசிரியர்களாகிய எமக்கும் அதிற் பங்குண்டு.

இச்சொல்லின் தாய்வீடு இலத்தீன். அங்கே 'வொல்வெரெ' என்றால் உருட்டுதல், சுருட்டுதல். 'இன்' என்றால் உள்ளே. உள்ளே வைத்துச் சுருட்டுதல், பொதிதல் என்பதே முதற்பொருள். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற் புகுந்தபோதும் சூழ்ந்து மூடுதல் என்ற கருத்தையே தாங்கி வந்தது. பாயைச் சுருட்டும்போது அதன்மேற் கிடந்த சீப்பும் உள்ளே அகப்பட்டுக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். விரும்பிப் புகுந்ததா, தற்செயலாய் அகப்பட்டதா என்று பாய் கேட்பதில்லை. இந்த வினையும் கேட்பதில்லை.

நூலின் பாகத்தைக் குறிக்கும் 'வொலியூம்' இக்குடும்பத்ததே. பண்டை உரோமர் பப்பைரசுச் சுருள்களில் எழுதினர். சுருள் போய்த் தைத்த நூல் வந்த பின்னும் பெயர் போகவில்லை. சுருள் விரிவதைக் குறித்த 'இவொலூஷன்', அதாவது நாம் கூர்ப்பு என்பது, இன்னோர் உடன்பிறப்பு. சாள்ஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதற்பதிப்பில் அப்பெயர்ச்சொல் இல்லை. ஆனால் நூலின் கடைசிச் சொல் அதன் வினைவடிவமே. (சற்று விலகிவிட்டேன், மாணவர்க்கு இது சுவைக்குமென்று சொன்னேன்.)

ஆங்கிலம் கேளாது விட்டதைத் தமிழிலே நாம் கேட்டாக வேண்டும். மனமொன்றி ஆராய்ச்சியில் இறங்கியவன் ஈடுபட்டவன். சதியிலே தெரிந்து சேர்ந்தவன் உடந்தையாயிருந்தவன். ஒரு வேலை பெருஞ்செலவை 'இன்வொல்வ்' செய்யுமென்றால், அதற்குப் பெருஞ்செலவு பிடிக்கும் என்பதே தமிழ். 'விபத்துடன் சம்பந்தப்பட்ட வாகனங்கள்' என்பது பொருந்தும்; கொலையைக் கண்ணாற் கண்ட மனிதரை 'கொலையுடன் சம்பந்தப்பட்டவர்' என்று செய்தித்தாளில் எழுதினாலோ, மறுநாள் அவர் ஊரிலே தலைகாட்ட முடியாது.

கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அவன் தானாகப் போனானா, அகப்பட்டானா?" என்று மட்டும் கேட்டேன். மாணவன் சிறிது யோசித்து, வெட்டி எழுதினான்: 'விபத்திற் சிக்கிய சிறுவன்'.