கடல் அரணும் பெந்தமியானா இலையும்

அந்தமான் நிகோபார் தீவுகளின் பயிர்நலம் குறித்த உரைகளில் இரண்டு நம்பிக்கைகள் கேள்வியின்றி உலவுகின்றன. கடல் இயற்கை அரண் என்பது ஒன்று. தாவரத்தின் எதிர்ப்பை நச்சுயிரி எவ்வாறு முறியடிக்கிறது என்பது ஆய்வகத்தில் தெளிந்துவிட்டது என்பது மற்றொன்று.

முதலாவதைத் தகர்க்க வாழை முடிக்கொத்து நோயின் வரலாறே போதும். 1889இல் பிஜி, 1913இல் இலங்கை, அங்கிருந்து 1940 வாக்கில் கேரளம், 1989இல் ஹவாய். பெரும்பாலும் தீவுகளே! அசுவினி கடல் கடந்து பறக்க வேண்டியதில்லை. நோயுற்ற பக்கக்கன்று ஒன்று கப்பலேறினால் போதும். விருப்பாட்சி, சிறுமலை வாழைத் தோட்டங்கள் கீழ்ப்பழனி மலைகளில் அழிந்த கதையைத் தமிழ்நாட்டு மாணவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது நம்பிக்கைதான் கல்விப்புலத்தின் சொந்தப் பிழை. நச்சுயிரியின் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை டைசர் நொதி 21 முதல் 24 நியூக்ளியோடைடு நீளத் துண்டுகளாக நறுக்குகிறது. அத்துண்டுகளை வழிகாட்டியாகக் கொண்டு ஆர்கோநாட் புரதம் எதிரியின் ஆர்.என்.ஏ.வை வெட்டுகிறது. இதற்கு நச்சுயிரிகள் கண்ட மாற்று பலவகை. தக்காளிப் புதர்க்குட்டை நச்சுயிரியின் பி19 புரதம் துண்டுகளையே கவ்விக்கொள்கிறது; வெள்ளரித் தேமல் நச்சுயிரியின் 2பி புரதம் ஆர்கோநாட்டின் கையைக் கட்டுகிறது. முடிக்கொத்து நச்சுயிரியின் உறைப்புரதமும் நகர்வுப்புரதமும் இவ்வொடுக்கும் ஆற்றல் உடையவை எனக் காட்டப்பட்டுள்ளது.

எதில் காட்டப்பட்டது? வாழையில் அன்று, நிகோடியானா பெந்தமியானா என்னும் ஆஸ்திரேலியப் புகையிலை இனத்தில். அதன் ஆர்.டி.ஆர்.1 மரபணுவில் 72 நியூக்ளியோடைடு செருகல் ஒன்று உண்டு; அதனால் அந்தப் பாதுகாப்புக் கண்ணியே அதில் செயலற்றது. எந்த நச்சுயிரியும் எளிதில் பற்றுவதால்தான் ஆய்வகங்கள் அதை விரும்புகின்றன. அது குற்றமன்று. எதிர்ப்பு ஊனமுற்ற செடியில் கிடைத்த பச்சை ஒளிர்வுப் படத்தை ஆய்வேட்டில் ஒட்டி, இறுதி இயலில் "தீவு விவசாயிகளுக்குப் பயன்படும்" என்று எழுதுவதே குற்றம். அந்த ஒரு வாக்கியத்துக்குச் சான்று கேட்கும் தேர்வாளர் அரிது.

சின்ன அந்தமான் காட்டில் கண்டறியப்பட்டு 2014இல் விவரிக்கப்பட்ட மூசா இந்தந்தமானென்சிஸ் என்னும் காட்டுவாழை அத்தீவுகளுக்கே உரியது. அதன் எதிர்ப்பைப் புகையிலை இலையில் ஊசியேற்றி அறிய இயலாது. அசுவினிக் கூண்டில், அந்த வாழையிலேயே அறிய வேண்டும். அதுவரை செய்யத்தக்கது புதிய மூலக்கூறு எதையும் வேண்டாதது: கப்பலேறும் ஒவ்வொரு வாழைக்கன்றுத் தொகுதியையும் துறைமுகத்திலேயே பி.சி.ஆர். சோதனைக்கு உட்படுத்துவது. அதைக் கோரி ஆய்விதழில் இடம்பிடிக்க முடியாது என்பது வேறு கதை.