ஈத்காஹ் திடலின் பூட்டைத் திறக்க வருவோர் யார்?



எங்கள் மஹல்லாவின் ஈத்காஹ் திடல் ஆண்டில் இரண்டு நாட்கள் மட்டுமே திறக்கப்படுகிறது. எஞ்சிய நாட்களில் வாயிலில் பூட்டுத் தொங்குகிறது. உள்ளே நெருஞ்சி மண்டிக் கிடக்கிறது. கூப்பிடு தூரத்தில் வாழும் நம் பிள்ளைகளோ, மக்தப் முடிந்ததும் கைப்பேசியுடன் மூலையில் முடங்கிவிடுகின்றனர்.

சென்ற ஆண்டு அந்தத் திடலைத் திறக்க அனுமதி பெற்றோம். ஞாயிறுதோறும் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி என்று அறிவித்தோம். முதல் வாரமே நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்தனர். உதவிக்கு வந்த பெரியவர்கள் என்னையும் சேர்த்து மூவர். ஐந்தாம் வாரம் நான் மட்டுமே நின்றேன். அன்று ஒரு சிறுவன் விழுந்தான். அவனுடைய முழங்காலைக் கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, இன்னொரு சிறுவன் திறந்திருந்த வாயில் வழியாகச் சாலைக்கு ஓடிவிட்டான். வந்த வேன் சரியான நேரத்தில் நின்றது. அல்லாஹ் காத்தான். மறுவாரமே பயிற்சியை நிறுத்தினேன். நாற்பது அமானிதங்களை ஒருவனாகக் காக்க எனக்கு வலிமை இல்லை.

பிள்ளைகள் வராமல் அது நிற்கவில்லை. நாம் வராததால் நின்றது. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

"மதரஸா உஸ்தாதுக்கு ஓட்டப் பந்தயத்தில் என்ன வேலை?" என்று சிலர் கேட்டனர். அவர்களுக்கு இப்னு உமர் (ரலி) அறிவித்து, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள ஒரு செய்தியை நினைவூட்டுகிறேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரம். பயிற்சி பெறாதவற்றுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுகிய தூரம். தொடக்கம், முடிவு, வலிமைக்கேற்ற தூரம் எனப் பந்தயத்தை ஒழுங்குபடுத்தியவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள். இளைஞரான இப்னு உமரும் அதில் கலந்துகொண்டார். குதிரைக்கே அவரவர் தகுதிக்கேற்ப தூரம் வகுத்த மார்க்கத்தில், ஏழு வயதுப் பிள்ளைக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் தனித்தனித் தூரம் வகுத்துக்கொடுக்க நம்மில் ஆளில்லை என்பது எவ்வளவு பெரிய வெட்கம்!

காலால் ஓடியதற்கும் சான்று உண்டு. ஒரு பயணத்திலிருந்து மதீனா திரும்பும் வழியில் அன்ஸாரித் தோழர் ஒருவர் ஓட்டத்துக்கு அறைகூவல் விடுக்க, ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) நபியவர்களிடம் அனுமதி பெற்று ஓடி வென்ற செய்தி முஸ்லிமில் உள்ளது.

"பெண்பிள்ளைகளும் ஓடுவதா?" என்போரும் உளர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பயணத்தில் நபியவர்களோடு ஓடி வென்றதும், பின்னொரு காலத்தில் நபியவர்கள் வென்றதும் அபூதாவூதில் உள்ள செய்தி. பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரமும் மறைவான இடமும் தாய்மார்களின் பொறுப்பும் வேண்டும் என்று கேளுங்கள், ஏற்பாடு செய்வோம். ஆனால் அந்தப் பொறுப்பை ஏற்க எந்தத் தாயும் முன்வராமல், எந்தத் தந்தையும் அதற்கு வழிவிடாமல், மார்க்கத்தின் பெயரால் அவர்களை வீட்டில் உட்காரவைப்பது நியாயமாகாது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்கள் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதில் மகனுக்கு ஒரு கணக்கு, மகளுக்கு ஒரு கணக்கு என்று இல்லை.

மூன்றாவது வகையினர் நல்லவர்கள். ஆயினும் அவர்களிடம்தான் எனக்கு மனத்தாங்கல் அதிகம். "ஹஜ்ரத், பனியனுக்கு எவ்வளவு ஆகும்? நான் தந்துவிடுகிறேன்" என்றார்கள். தந்தும் விட்டார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக! ஆனால் பனியன் வாயிலில் காவல் நிற்காது. கோப்பை, விழுந்த பிள்ளையைத் தூக்கிவிடாது. பள்ளிவாசலுக்குப் பளிங்கு பதிக்கக் கேட்டால் ஒரே ஜும்ஆவில் தொகை சேர்ந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் வந்து நிற்கக் கேட்டால் தலைகள் குனிகின்றன. கொடுப்பதற்கு எளிதானதைக் கொடுத்துவிட்டு, கேட்கப்பட்டதைக் கொடுத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம்.

கேட்பது மிகச் சிறியது. ஒரு ஞாயிறுக்கு ஆறு பேர் போதும். வாயிலில் பெயர்ப் பதிவேட்டுடன் ஒருவர், ஓட்டப் பாதையின் இரு திருப்பங்களில் இருவர், முடிவுக் கோட்டில் ஒருவர், கடைசியாக வரும் பிள்ளையோடு நடந்துவர ஒருவர், தண்ணீருக்கும் முதலுதவிக்கும் ஒருவர். பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தால், நான்கு ஞாயிறுகள் கொண்ட மாதத்தில் ஒருவருக்கு இரண்டு முறைதான் வரும். மாதத்துக்கு இரண்டு மணி நேரம். ஓடத் தெரிய வேண்டியதில்லை. விசில் ஊதத் தெரிந்தால் போதும்.

பிரிட்டனில் 4 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக 'ஜூனியர் பார்க்ரன்' என்ற 2 கிலோமீட்டர் ஓட்டம் ஞாயிறு காலைகளில் பூங்காக்களில் கட்டணமின்றி நடக்கிறது. அதை நடத்துவோர் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்களே. அங்கே அயலார் பிள்ளைக்காகக் குளிரிலும் மழையிலும் நிற்கிறார்கள். நாமோ நம் சொந்தப் பிள்ளைக்காக, நம் சொந்தத் திடலில், ஃபஜ்ரு முடிந்த இளங்காற்றில் நிற்கத் தயங்குகிறோம்.

நாம் ஒவ்வொருவரும் பொறுப்பாளர். நம் பொறுப்பில் விடப்பட்டவர்களைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படுவோம் என்பது நபியவர்களின் எச்சரிக்கை. அந்த விசாரணையில் பனியனுக்கான ரசீதை மட்டும் நீட்டப்போகிறோமா?

திடலின் திறவுகோல் இன்னும் என்னிடம் இருக்கிறது. வரும் ஜும்ஆவுக்குப் பின் பள்ளியின் முன்தாழ்வாரத்தில் பன்னிரண்டு வரிகள் கொண்ட ஒரு தாளுடன் அமர்ந்திருப்பேன். முதல் வரியில் என் பெயர் எழுதப்பட்டுவிட்டது. எஞ்சிய பதினொன்றை நிரப்ப வாருங்கள். நம் எண்ணங்களைத் தூய்மையாக்கி, நம் பிள்ளைகளை உடலாலும் ஈமானாலும் வலிமை மிக்கவர்களாக அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.