குச்சிக்கிழங்குக் காட்டுக்கு ஒரு பழைய லென்ஸ்

ஓமலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வேலைக்கு ஆட்டோஃபோகஸ் இல்லாத லென்ஸைத் தொட மாட்டேன். தாலி கட்டும் நொடி யாருக்காகவும் நிற்காது. ஆனால் குச்சிக்கிழங்குக் காட்டில் இறங்கும்போது என் தோள்பையில் இருப்பது 1979-ல் வெளிவந்த டாம்ரான் 90 எம்.எம். மேக்ரோ. ஃபோகஸைக் கையால் திருப்பித்தான் ஆக வேண்டும். “இன்னுமா இதை வச்சிருக்கீங்கண்ணா?” என்று ஸ்டுடியோவில் வேலை பழகும் பையன் கேட்கிறான். வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு உயிர் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. அந்தப் பயிரின் நுனிக்குருத்தில் வெள்ளையாக அப்பிக்கொள்வது மாவுப்பூச்சி. அதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு. பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவையில் தென்பட்டது. மரவள்ளி மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்தில் தென்பட்டு, பிறகு இங்கும் வந்தது. வரப்பில் நின்று பார்த்தால் இரண்டும் வெறும் வெள்ளை மாவு. நெருங்கிப் பார்த்தால்தான் மாவுக்கு அடியில் முன்னதன் உடல் மஞ்சள், பின்னதன் உடல் இளஞ்சிவப்பு என்பது தெரியும்.

இந்த நிற வேறுபாட்டை அறிவது முக்கியம். ஒவ்வொன்றையும் அடக்குவது வெவ்வேறு குளவி. பப்பாளி மாவுப்பூச்சிக்கான ஒட்டுண்ணிக் குளவிகள் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தன. மரவள்ளி மாவுப்பூச்சிக்கானது ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022 மார்ச் 7-ல் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. எள்ளைவிடச் சிறிய உயிர் அது. பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளேயே தின்று வளரும். பூச்சி பழுப்பேறி, உப்பி, கெட்டிக் கூடாகும். அந்தக் கூட்டில் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று அர்த்தம். இது தெரியாமல் மருந்தடித்தால் பூச்சியோடு குளவியும் சாகும்.

அந்தத் துளையைப் படமெடுக்கத்தான் பழைய லென்ஸ். இந்த டாம்ரானில் பூச்சியின் நிஜ அளவில் பாதி வரை பிம்பம் விழும். இடையில் ஒரு எக்ஸ்டென்ஷன் டியூப் மாட்டினால் முழு அளவும் கிடைக்கும். பாதி அளவிலேயே, அப்பர்ச்சரை எட்டில் வைத்தாலும், தெளிவாக விழும் ஆழம் மூன்று மில்லிமீட்டர்தான். காற்றில் ஆடும் குருத்தில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடித் தவிக்கும். நான் ஃபோகஸ் வளையத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு என் உடம்பை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவேன். கண் தெளிவைப் பிடிக்கும் நொடியில் விரல் அழுத்தும். கையால் ஃபோகஸ் செய்யும் மேக்ரோ லென்ஸ்கள் சீனாவின் லாவோவா பிராண்டில் இன்றும் புதிதாக விற்பனைக்கு வருகின்றன.

செல்போனே போதாதா என்பார்கள். அசையாத பூச்சிக்குப் போதும். ஆனால் பல போன்களை ஓரிரு அங்குலம் வரை கொண்டுபோக வேண்டியிருக்கிறது; அதன் நிழலே பூச்சியின் மேல் விழும், குளவி பறந்துவிடும். 90 எம்.எம். லென்ஸ் ஏறத்தாழ ஒரு சாண் தள்ளி நின்றே எடுக்கும்.

இந்தப் பழைய மேக்ரோ லென்ஸ்கள் உழைக்கவென்றே செய்யப்பட்டவை. நிக்கான் 1956-ல் 50 எம்.எம். லென்ஸோடு தன் மைக்ரோ வரிசையைத் தொடங்கியதே, ஜப்பானிய எழுத்தின் நுண்கோடுகள் சிதையாமல் ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் நகலெடுக்கத்தான். மிரர்லெஸ் கேமராவில் ஒரு அடாப்டர் மாட்டினால் இன்றும் அந்த லென்ஸ்கள் வேலை செய்யும். புதிய மேக்ரோ லென்ஸுக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பங்கே இவற்றுக்கு ஆகும். வாங்கும்போது டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா, அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஃபிலிம் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் பலரின் அலமாரியில் இப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். பழைய இரும்புக்காரருக்குப் போடாமல் எடுத்துத் துடையுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர் மருந்துக் கடைக்குக் கிளம்புமுன் அவர் பயிரின் நுனிக்குருத்தைப் படமெடுத்துக் கொடுங்கள். அதை ஏத்தாப்பூரிலோ, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ அவர் காட்டட்டும். மருந்தடிப்பதா வேண்டாமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.