மாமாவும் மருந்துக்கடையும்

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மாமா கத்தரி போட்டிருக்கிறார். வந்தது காய்த்துளைப்பான் புழு. பூச்சிமருந்துக் கடைக்காரர் கடனுக்கே நாலு பாட்டில் கொடுத்தார். புழு காய்க்குள்ளே ஜம்மென்று படுத்திருக்க, மருந்து வெளியே இலையை நனைத்தது!

அறுபதுகளில் திருச்சி வானொலி கேட்டே ஏ.டி.டி. 27 விதைத்து, அதற்கு 'ரேடியோ நெல்' என்று பேர் வைத்த காவிரி டெல்டா சார் இது! கடலூர் பக்கம் பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

2004-ல் வந்த கிசான் கால் சென்டருக்கு (1800-180-1551, இலவசம்) நானே போன் போட்டுக் கொடுத்தேன். வாடின குருத்தைக் கிள்ளி அழிக்கணும், சொத்தைக் காயைப் பொறுக்கிடணும், இனக்கவர்ச்சிப் பொறி வைக்கணும் என்றார்கள்.

"சரியாத்தான் சொல்றாங்க மாப்ளே. கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

"அவரை எதுக்கு மாமா?"

"பாக்கி இருக்கே!"