கரன்ட் கட்டில் தொடங்கிய சூப்பர் ஹிட்!

ஊர்லேர்ந்து சென்னைக்குப் படிக்க வந்த ஃப்ரெண்டா நீங்க? ஹாஸ்டலுக்கு வந்த மூணாவது மாசமே 'ஏலே'யை மூட்டை கட்டி பரண்ல போட்டுட்டு, 'டூட்' பாஷைக்குத் தாவிட்டீங்களா? அப்ப இந்த மேட்டர் உங்களுக்குத்தான் பாஸ்!

1968-ல் தேனிப் பக்கம் பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்தார் ராசய்யா. அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போய் ஆர்மோனியம் வாசித்த கை. கிராமத்து மெட்டெல்லாம் அத்துப்படி. அதுக்காக, 'நமக்குத் தெரியாததா'னு உட்காரலை மனுஷன். மயிலாப்பூர் சாய் லாட்ஜில் இருந்த தன்ராஜ் மாஸ்டரிடம் போய், மேற்கத்திய இசையை 'அ, ஆ'விலிருந்து படித்தார். லண்டன் டிரினிடி கல்லூரியின் கிடார் தேர்வும் எழுதினார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக வேலை பார்த்தார்.

அந்த வருஷங்களில் நம்ம காலேஜ் பசங்க வாயில் 'ஆராதனா', 'பாபி'னு இந்திப் பாட்டுதான். அப்போ கதாசிரியர் ஆர்.செல்வராஜ், ராசய்யாவை பஞ்சு அருணாசலத்திடம் அழைத்துப் போனார். அங்கே அவர் பாடிக் காட்டியது இங்கிலீஷ் டியூன் இல்லீங்க... பக்கா கிராமத்து மெட்டு! பஞ்சு டபுள் ஓகே. 'இளையராஜா'னு பெயர் வைத்ததும் அவரே.

ஏ.வி.எம். ஸ்டுடியோவில் முதல் ரெக்கார்டிங். பாடகி எஸ்.ஜானகி. இப்ப மாதிரி தனித்தனியா எடுத்து ஒட்டுற கதையெல்லாம் அப்ப கிடையாது. பாடுறவங்க, வாசிக்கிறவங்க எல்லாரும் ஒண்ணா உட்காரணும். ஒருத்தர் சொதப்பினாலும் மறுபடி முதல்லேர்ந்து! எல்லாம் ரெடி. டேக் போகிற நேரம்... பொசுக்குனு கரன்ட் கட்! முதல் படத்துக்கு இதைவிட மோசமான சகுனம் வேணுமா? நல்லவேளை, சகுனம் பார்த்து யாரும் மூட்டை கட்டலை. கரன்ட் வந்ததும் பாட்டு பதிவானது.

1976 மே 14, 'அன்னக்கிளி' ரிலீஸ். சிவகுமார், சுஜாதா நடித்த கறுப்பு - வெள்ளைப் படம். 'மச்சானைப் பாத்தீங்களா' பாட்டு டீக்கடை, திருவிழா, கல்யாண வீடுனு பட்டிதொட்டியெல்லாம் அலறியது. இந்திப் பாட்டு முணுமுணுத்த பட்டணத்துப் பசங்களும் அதில் கவுந்தாங்க.

இன்னிக்கு ஹெட்போன் மாட்டி ஒருமுறை கேட்டுப் பாருங்க. குரலும் மெட்டும் வயல்காட்டு வாசம். பின்னணி இசையில் சாய் லாட்ஜ் படிப்பு. ரெண்டில் ஒண்ணு குறைஞ்சிருந்தாலும் அந்தப் பாட்டு இல்லை!

ஸோ, இங்கிலீஷ் கத்துக்குங்க, கோடிங் கத்துக்குங்க, எதை வேணா கத்துக்குங்க. ஆனா, பரண்ல போட்ட அந்த மூட்டையை மட்டும் கொஞ்சம் கீழே இறக்குங்க மக்கா. உங்க ஹிட்டு அதுக்குள்ளேயும் இருக்கலாம்!