காலுக்குக் கீழே நாலு ஆசாமிகள்

கார் வாங்கப் போகிறவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். லிட்டருக்கு எத்தனை கொடுக்கும்? ஏ.சி. குளிருமா? வெள்ளையில் கிடைக்குமா? 'நிற்குமா?' என்று கேட்டவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

நிற்பது லேசுப்பட்ட காரியமில்லை ஸ்வாமி. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஒரு டன் இரும்பை உங்கள் வலது கால் நிறுத்துகிறது. உபயம்: பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர். மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அமுக்கினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லா மூலைக்கும் போய்ச் சேரும் என்று கண்டுபிடித்துவிட்டு, காரைப் பார்க்காமலே 1662-ல் 39 வயதில் போய்ச் சேர்ந்தார்.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் என்பது பெரிய சைஸ் ஊசி சிரிஞ்சுதான். பெடலை மிதித்தால் உள்ளே பிஸ்டன் நகர்ந்து பிரேக் ஆயிலை நாலு சக்கரத்துக்கும் தள்ளும். இப்போதைய கார்களில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன், இரண்டு தனித்தனி லைன். ஒன்று புட்டுக்கொண்டாலும் மற்றது பாதி பிரேக்காவது கொடுக்கும்.

அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு கறுப்பு அண்டா இருக்கிறதே, அதுதான் பூஸ்டர். நடுவில் ரப்பர் திரை. பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சும்போது இந்த அண்டாவிலிருந்தும் உறிஞ்சிவிடுகிறது. டீசலில் அதற்கென்று தனி பம்ப்; மின்சாரக் காரில் மோட்டார். பெடலை மிதித்ததும் திரையின் ஒரு பக்கம் வெளிக்காற்று நுழைகிறது, மறுபக்கம் வெற்றிடம். ஒன்பது அங்குலத் திரை என்றால் சுமார் 410 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ வித்தியாசம் என்று வைத்தாலும் 280 கிலோவுக்கு மேல் தேறுகிறது. உங்களோடு சேர்ந்து நாலு வாட்டசாட்டமான ஆசாமிகள் பெடலை மிதிக்கிற மாதிரி. சம்பளம் கிடையாது.

போன மாதம் நண்பர் ஒருவரின் காரில் போய்க்கொண்டிருந்தேன். சிக்னலில் நின்றோம். பிரேக்கில் இருந்த அவர் கால் மெல்ல மெல்லக் கீழே போயிற்று, வண்டி ஒரு முழம் முன்னால் நகர்ந்தது. அவர் சாவகாசமாக இரண்டு தடவை பம்ப் பண்ணினார். நின்றது.

"ஒண்ணுமில்லே. பம்ப் பண்ணினா சரியாயிடும். ஆயிலைக்கூட பார்த்துட்டேன், அப்படியே இருக்கு" என்றார். மறுநாள் குடும்பத்தோடு ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவுகள். பின் சீட்டில் அவருடைய இரண்டு பெண்களும், எண்பது வயது அம்மாவும்.

நான் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்து, வண்டியை மெக்கானிக்கிடம் திருப்பச் சொன்னேன். அவர் பெடலை மெதுவாக அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இறங்கியது. படாரென்று மிதித்தார். நின்றது.

"மாஸ்டர் சிலிண்டர் சார். உள்ளே கப் தேஞ்சிடுச்சு."

"ஆயில் குறையலியேப்பா?"

"வெளியே ஒழுகினாத்தானே சார் குறையும்? உள்ளுக்குள்ளயே இந்த ரூம்லேர்ந்து அந்த ரூமுக்குப் போவுது!"

இதைவிடத் தெளிவாக எந்த இன்ஜினீயரிங் புத்தகமும் சொல்லவில்லை. கப் என்பது சுண்டுவிரல் நுனியில் மாட்டக்கூடிய ரப்பர். நண்பர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. ஏற்காடு இரண்டு நாள் தள்ளிப் போனது. வீட்டில் எனக்கு நல்ல பெயர் இல்லை.

பெடல் பேசும் பாஷை கொஞ்சம்தான். மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர். பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று. கருங்கல் மாதிரி இறுகினால் பூஸ்டர் - 'புஸ்' என்ற சத்தமும் கேட்டால் பெரும்பாலும் திரை கிழிந்திருக்கும், அல்லது ஹோஸ் ஓட்டை. ஆயில் குறைகிறது, ஆனால் கீழே ஒரு சொட்டு இல்லை என்றால் அதைப் பூஸ்டர் குடித்துக்கொண்டிருக்கலாம்.

ஆயிலுக்கும் வயசாகும். காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் ஜாதி அது. டாட்-3 புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் விதியே 140-க்கு இறங்கி வந்துவிடுகிறது. மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வரும். ஆயில் ஆவியானால் பெடல் தரையைத் தொடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது மெக்கானிக்கின் பிழைப்புக்காக இல்லை. என்ஜின் ஆயிலை ஊற்றிச் சமாளிக்கும் புண்ணியவான்களும் உண்டு; உள்ளே ரப்பரெல்லாம் ஊறிப் பூரியாகிவிடும்.

பெட்ரோல் மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்துவிட்டு மலை இறங்குகிறவர்களுக்கு: பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான். அப்புறம் நாலு ஆசாமிகளும் இறங்கிப் போய்விடுவார்கள்.

அவர்கள் உங்கள் காரில் இருக்கிறார்களா என்று பார்க்கக் காசு செலவில்லை. என்ஜினை அணைத்து, பெடல் இறுகும்வரை ஐந்தாறு தடவை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் உள்வாங்கினால் பூஸ்டர் உயிரோடிருக்கிறது. அசையவே இல்லையென்றால் இன்றைக்கு பஸ்ஸில் போங்கள்.