தூரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வோம்

சங்கரன்கோவில் வட்டாரத்திலும், அதற்கு மேற்கே புளியங்குடியைச் சுற்றி மலையடிவாரம் வரையிலும் விரிந்து கிடந்து, கேரளத்துச் சந்தைகளுக்கு இடைவிடாது கனி அனுப்பி வருகிற எலுமிச்சைத் தோட்டங்களில், செங்கோட்டைக் கணவாய் வழியே சீறிவரும் ஆடிக்காற்று ஓய்ந்த பிறகு தோட்டத்தார் ஆலோசனை சொல்லும் நம்மைக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: ஒடிந்து பிளந்து நிற்கும் மரத்தைத் தழைக்க விடுவதா, தோண்டி எறிந்துவிட்டுப் புதுக்கன்று நடுவதா?

முறிந்த கிளைகளின் கோரத்தைக் கண்ட மாத்திரத்தில் நம்மில் பலர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ஆனால் பரீட்சிக்க வேண்டிய ஸ்தானம் தூர்; மரம் விதைக்கன்றா ஒட்டா என்பதே முதல் கேள்வி.

எலுமிச்சை விதை ஒன்றிலிருந்து பல முளைகள் எழுவதும், அவற்றுள் பெரும்பாலானவை மகரந்தத்தின் சம்பந்தமின்றித் தாய்மரத்தின் திசுவிலிருந்தே உற்பத்தியாவதும் நாம் அறிந்தவை. ஆகையால் ஒட்டில்லாமலே விதைக்கன்றாக நட்டு வளர்த்த, வேரும் தலையும் ஒன்றேயான மரம் முழங்கால் உயரத்தில் முறிந்தாலும், அடியிலிருந்து கிளம்பும் தளிர் அதே மரத்தின் குணங்களோடுதான் வரும். பழைய வேரின் பலம் பின்னிற்பதால், மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய புதுக்கன்றை அது முந்திக்கொள்ளும். ஜம்பேரி வேர்ச்செடியில் ஒட்டிய மரம் ஒட்டுக்குக் கீழே முறிந்திருந்தாலோ, எழும் போத்து எவ்வளவு செழித்தாலும் காய்ப்பது ஜம்பேரியே. அங்கே தாட்சண்யம் கூடாது. அசுவினி பரப்பும் டிரிஸ்டீசா நச்சுயிரி கண்ட மரமும் அப்படியே; அதன் புதுத்தளிரிலும் நோய் குடியிருக்கும். தூரில் பிசின் ஒழுகி அழுகிய மரத்தை அகற்றிய அதே குழியில் உடனே கன்று வைப்பதும் அபாயம்.

  

பிழைக்க வைப்பதென்று நிச்சயித்தபின் சிகிச்சையில் அசிரத்தை உதவாது. பிளந்த பாகத்தை நல்ல மரம் தெரியும் வரை சாய்வாக அறுத்து, ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, பத்து லிட்டர் நீர் என்ற விகிதத்தில் சேர்த்த போர்டோ பசையை வெட்டுவாயில் பூசி, நிழலிழந்த தண்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, எழும் போத்துகளில் திடமான மூன்று நான்கை நாற்புறமும் நிறுத்தி மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். இலையற்ற மரத்துக்குப் பழைய அளவில் நீர் பாய்ச்சினால் வேர் அழுகும்.

வேர் அசையாத, நோயற்ற விதைக்கன்று மரத்துக்கு வடகிழக்குப் பருவமழை முடியும்வரை அவகாசம் தராமல் மண்வெட்டியை எடுக்க வேண்டாமென்று நாம் துணிந்து சொல்ல வேண்டும். அத்துடன், நடுகிற நாளிலேயே ஒவ்வொரு வரிசையும் விதைக்கன்றா ஒட்டா என்று தோட்டத்தாரைக் குறித்து வைக்கச் செய்யுமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம்.